என் பெயரில் இருந்தவை மட்டும்

ஒகுனி, யமகத்தா
2017 ஏப்ரல் 4

நிஷினா அம்மா அவர்களுக்கு,

இங்கே கூரைப் பனி இன்னும் சரியவில்லை. அங்கே ஹொக்கைடோவில் கேட்கவே வேண்டாம். பருவ விசாரிப்பு இத்தோடு போதும், மேலே எழுதக் கை பரபரக்கிறது. பார்த்தீர்களா? நம் மலைக்கீரைக் களஞ்சியம் போய்விட்டது!

ஞாயிறு காலை தேநீரும் கையுமாக உட்கார்ந்து தளத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை. என் கம்ப்யூட்டர்தான் மக்கர் செய்கிறதென்று அதன் தலையில் இரண்டு தட்டு தட்டினேன். அப்புறம்தான் தளத்தை நடத்தும் ஹதானோவின் போன். மனிதர் அழுகிறார், அம்மா. ஐம்பது வயது ஆள்.

“எல்லாம் போச்சு ஐயா. நமக்கு எடம் வாடகைக்குக் குடுத்த கம்பெனிக்காரன் பழைய மெஷின காலி பண்றேன்னு நம்மளையும் சேத்துத் தொடைச்சிட்டான். சரிய்யா, நகல் எங்கன்னு கேட்டா, அதுவும் அதே மெஷின்லதான் வெச்சிருந்தானாம்!”

பதினான்கு வருஷம், முந்நூறு பேர் சேர்ந்து எழுதியது. எந்த மலையில் எந்தக் கீரை, எப்போது பறிப்பது, எப்படிக் கசப்பெடுப்பது என்று இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கங்கள். ஒரு மதியத்தில் துடைத்துவிட்டான்.

ஆனால் குசகாபே சும்மா இருப்பவனா? நான்கு வருஷம் முன்பு என் தம்பி மகன் ரியோஜி ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தான். ஞாயிறுதோறும் என் பெயரில் நான் எழுதிச் சேமித்த பக்கங்களையெல்லாம், நான் சேமித்தபடியே, என் வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்குள் இழுத்துக்கொள்ளும். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், அம்மா! ஒரு கமா குறையவில்லை. அப்போது எல்லோரும் என்னைக் கேலி செய்தீர்கள், “பனி தள்ளுற வண்டி ஓட்டினவருக்குத் தன் எழுத்து மேல எவ்ளோ ஆசை பாரு” என்று. இப்போது சொல்லுங்கள்.

மூன்று வருஷமாக நாம் பேசிக்கொள்ளவில்லை. நிரின்சோக் கீரைப் பக்கத்தில் நடந்த சண்டையை நான் மறக்கவில்லை, நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் வீடு பற்றி எரியும்போது பழைய கணக்கு எதற்கு? தளத்தோடு அதன் மின்தபால்பெட்டியும் போய்விட்டதால் உங்களைப் பிடிக்க வேறு வழி இல்லை. நீங்கள் எப்போதோ பூசணிக்காய் அனுப்பிய அட்டைப்பெட்டியில் விலாசம் ஒட்டியிருந்தது. என் மனைவி நொபுயே அதில் கம்பளிக் காலுறை போட்டு வைத்திருக்கிறாள்.

ஹதானோ புதிய இடம் பிடித்துவிட்டார். வரும் ஞாயிறு என் பக்கங்களை ஏற்றிவிடுகிறேன். கீரைப் பருவம் வாசலில் நிற்கிறது. உங்களிடம் ஏதாவது நகல் இருக்கிறதா?

குசகாபே யசுஜி


நயோரோ, ஹொக்கைடோ
2017 ஏப்ரல் 8

குசகாபே ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். பள்ளி திறக்கும் வாரம். முந்நூற்று நாற்பது பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்குப் பட்டியல் போடும் வேலையில் தளத்தைத் திறந்தே பத்து நாளாகிறது. கடிதத்தைச் சமையற்கட்டில் நின்றபடியே படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு எங்கள் தலைமைச் சமையல்காரி ஓதாகி அம்மா, “என்ன டீச்சர், யாருக்கு என்ன ஆச்சு?” என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். யாருக்கும் ஒன்றுமில்லை, ஒரு களஞ்சியம் செத்துவிட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை. மலைக்கீரை என்றால் உயிர் அவருக்கு, கம்ப்யூட்டர் என்றால் ஆகாது.

என்னிடம் நகல் இருக்கிறது. என் பக்கங்கள் மட்டுமல்ல, எல்லாம். யார் எந்த நாளில் எந்த வரியைத் திருத்தினார், யார் அதை அழித்தார், கீழே யார் யாரோடு சண்டை போட்டார், அத்தனையும். வருஷத்தில் இரண்டு தடவை பள்ளி விடுமுறையில் எடுத்து வைப்பேன். கடைசியாக எடுத்தது மார்ச் இருபத்தாறு. அதை ஒரு டிஸ்க்கில் போட்டு, இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். பெரிய கோப்பு, ஹதானோவுக்கு அனுப்பும் முன் நீங்கள் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒப்பிடாமல் எதையும் ஏற்றாதீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பது நீங்கள் கடைசியாகத் தொட்ட அன்றைய பக்கம். அதற்குப் பிறகு பிறர் செய்தது எதுவும் அதில் இருக்காது.

எல்லாவற்றுக்கும் மேல் நிரின்சோ. பூ வருவதற்கு முன்பே பறிக்கலாம், அப்போதுதான் இளசு என்று நீங்கள் எழுதினீர்கள். உங்கள் பள்ளத்தாக்கில் சரி. எங்கள் ஊரில் அதே ஓடைக்கரையில், அதே மண்ணில், அதே இலையோடு வசநாபி என்ற கொடிய விஷச்செடி முளைக்கிறது. பூவைப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது. நான் மூன்று முறை எச்சரிக்கை சேர்த்தேன், மூன்று முறையும் நீங்கள் அழித்தீர்கள். “நாப்பது வருஷமாத் திங்கிறேன், இன்னும் சாகல” என்று கீழே எழுதினீர்கள். நான் விலகிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து யாரோ ஒருவர், பெயர் போடாமல் வந்து, எச்சரிக்கையை எழுதிவிட்டுப் போனார். “வெள்ளைப் பூவைக் கண்ணால் காணாமல் ஒரு இலையும் பறிக்காதீர்கள். எனக்குத் தெரியும் என்று நினைக்கும் கைதான் தவறும்.” நான் எழுதியதைவிட எவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்! கீழே அவருக்கு நன்றி எழுதினேன். பதில் இல்லை. அந்த மனிதரின் வரி உங்கள் நகலில் இருக்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நிஷினா சவாகோ


ஒகுனி, யமகத்தா
2017 ஏப்ரல் 12

நிஷினா அம்மா அவர்களுக்கு,

வாசலில் மஞ்சள் மொட்டுகள் பனியைத் துளைத்துக்கொண்டு வந்துவிட்டன. உங்கள் கடிதம் நேற்று வந்தது, பார்சலும் வந்தது. ஆனால் நான் ஞாயிறே ஏற்றிவிட்டேனே!

கோபப்படாதீர்கள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் சிக்கல் இல்லாமல் ஏறின. நன்றி சொல்லி எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? ஒகினாவாவிலிருந்துகூட ஒருவர். நொபுயே வாய்விட்டே சொல்லிவிட்டாள், “கல்யாணத்தன்னிக்குக்கூட உங்க மூஞ்சி இப்படி மின்னலியே!” என்று.

நீங்கள் கேட்ட வரி என் நகலில் பத்திரமாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன். அதைப் பற்றி உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம்.

உங்கள் டிஸ்க்கைக் குளிர்பெட்டி மேல் வைத்திருக்கிறேன். மே மாதம் முடிந்து, மலையிலிருந்து இறங்கியதும் நிதானமாக உட்கார்ந்து ஒப்பிடுகிறேன். “ஏங்க, அந்தப் பொட்டியப் பிரிச்சுத்தான் பாருங்களேன்” என்று நொபுயே காலையும் மாலையும் நச்சரிக்கிறாள். வெயில் அடிக்கும் நாளில் எவனாவது வீட்டுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்ப்பானா?

பேச ஆரம்பித்ததே சந்தோஷம். பூசணிக்காய் நன்றாக இருந்தது, அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

குசகாபே


நயோரோ
2017 மே 9

குசகாபே ஐயா,

விசாரிப்பு எதுவும் எழுதும் நிலையில் நான் இல்லை.

ஓதாகி அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சனிக்கிழமை ஓடைக்கரையில் கீரை பறித்திருக்கிறார். வேகவைத்துப் பிழிந்து, சோயா ஊற்றி, சீவிய உலர்மீன் தூவிச் சாப்பிட்டிருக்கிறார். அரைமணி நேரத்தில் உதடு மரத்துவிட்டது. அப்புறம் வாந்தி. அப்புறம் நெஞ்சு தாறுமாறாக அடித்திருக்கிறது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். வழியிலேயே இரண்டு முறை இதயம் நின்றதாம். இந்த நிமிஷம் அவர் ரத்தத்தை ஒரு இயந்திரம்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. வசநாபிக்கு மாற்று மருந்து கிடையாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவர் கணவருக்குப் பல் வலி, ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரி நடையில் என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “டீச்சர், நான் வேணாம்னுதான் சொன்னேன். பூ இல்லையேடி, எப்படிடி கண்டுபிடிப்பேன்னேன். மகளோட போன எடுத்துக் காமிச்சா. பாருய்யா, பூவுக்கு முன்னாடிதான் இளசாம், அடியில நம்ம டீச்சர் பாத்து சரின்னு பேர் போட்டிருக்காங்க, அதுக்கு மேல உனக்கு என்னய்யா வேணும்னா.”

ஐயா, நான் வந்த வழியே ஓடினேன்.

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்தேன். அடியில் ‘சரிபார்த்தவர்: நிஷினா சவாகோ’ என்று இருக்கிறது. எந்தக் காலத்திலோ, எவ்வளவு நேரம் வேகவைப்பது என்ற பகுதியை மட்டும் நான் பார்த்துக் கொடுத்தபோது நீங்கள் போட்டது. எச்சரிக்கை இல்லை. மேலிருந்து கீழ்வரை பத்துத் தடவை தேடினேன். இல்லை! இருக்கிறது என்று எழுதினீர்களே. சத்தியம் என்றுகூட எழுதினீர்களே. நான் நம்பினேன். பள்ளி திறந்த அவசரத்தில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் உங்கள் வார்த்தையை நம்பினேன். அது என் தப்பு, அதை யாரிடமும் மறைக்கப் போவதில்லை.

ஹதானோவிடம் சொல்லி அன்றே பக்கத்தை எடுக்க வைத்தேன். மறுநாளே சுகாதார அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் ஆள் விஷக்கீரைக்குச் சான்று கொடுத்தாளா என்று கேட்கிறார்கள். தலைமையாசிரியர் என் கண்ணைப் பார்க்காமல், “கொஞ்ச நாள் வீட்ல இருங்க” என்றார்.

ஏன் பொய் சொன்னீர்கள்? உங்கள் மானத்தைக் காப்பாற்றவா? பதிலைத் தாளில் எழுதுங்கள். உங்கள் திரையில் இருப்பது எதையும் இனி நான் நம்பத் தயாராக இல்லை.

நிஷினா


ஒகுனி
2017 மே 12

நிஷினா அம்மா,

ஐயோ அம்மா.

மலையிலிருந்து இறங்கி வந்து, கூடையை இறக்காமலே படித்தேன். நொபுயே கேட்டதற்கு என்ன பதில் சொன்னேனென்று நினைவில்லை. கூடையை அப்படியே குப்பையில் கொட்டியிருக்கிறேன், அவள் சொல்லித்தான் தெரியும்.

என் நகலில் தேடினேன். நான்கு முறை. இல்லை. இருக்க வேண்டும், அம்மா, இருந்தே ஆக வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. எப்படி இல்லாமல் போனது என்று எனக்குப் புரியவில்லை. ரியோஜியைப் போனில் கூப்பிட்டேன். அவன் ஒரு கேள்வி கேட்டான். அதைக் கேட்டதிலிருந்து

மேலே எழுத முடியவில்லை. அந்த அம்மா பிழைத்துவிட்டாரா என்று ஒரு வரி எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

குசகாபே


நயோரோ
2017 மே 16

குசகாபே ஐயா,

ஞாயிறு முதல் ஓதாகி அம்மாவின் இதயம் தானாக அடிக்கிறது. இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். கண் திறக்கவில்லை. திறந்தாலும் பழைய ஆளாக எழுந்திருப்பாரா என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் கடிதம் பாதியில் நிற்கிறது. ஏன் நின்றது என்று யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை, நேரமும் இல்லை. வரும் இருபத்து நான்காம் தேதி விசாரணை. அதற்கு ஒரு உதவி கேட்கிறேன், உங்களைத் திட்டிய வாயாலேயே.

என் நகலை விசாரணை அதிகாரியிடம் எடுத்துக்கொண்டு போனேன். மார்ச் வரை எச்சரிக்கை இருந்தது, பாருங்கள் என்று திறந்து காட்டினேன். அவர் மரியாதையான மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “அம்மா, இது உங்க வீட்டு டிஸ்க்கு. உங்க கையில இருந்தது. நேத்து ராத்திரி நீங்களே இந்த வரிய உள்ள எழுதியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? மூலம் எங்க?” மூலம் துடைத்துப் போய்விட்டதே! இத்தனை வருஷம் ஒரு எழுத்து சிதறாமல் சேர்த்து வைத்தேன். வைத்திருப்பவள் நான் என்பதாலேயே அது செல்லாதாம்.

எனக்காகப் பேச உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். அந்த வரியை எழுதிய ஆள். என் நகலில் நாளும் நேரமும் இருக்கிறது: 2014 மே 11, மதியம் 2.27. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள். ஹதானோவிடம் கேட்டால், “பேர் போடாம வந்தவர எங்கன்னு போய்த் தேடுறது?” என்கிறார்.

நீங்கள் பழைய ஆட்களையெல்லாம் அறிந்தவர். யாராக இருக்கும்? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். அவர் கிடைத்தால் காலில் விழவும் நான் தயார். மூன்று வருஷமாக முகம் தெரியாத அந்த மனிதரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று என் கட்சியில் நின்ற ஒரே ஆள் அவர்தான்.

நிஷினா


ஒகுனி
2017 மே 19

நிஷினா அம்மா அவர்களுக்கு,

அந்த ஆள் நான்தான்.

ஒரே வரியில் எழுதிவிட்டேன். இதை எழுத மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

நாம் சண்டை போட்ட அந்த வசந்தத்தில், பழைய வேலைக் கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான் என்று பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனேன். பூ வராத நிரின்சோ தரையெல்லாம். கூடை நிறையப் பறித்தேன். கழுவ உட்கார்ந்தபோது ஒரு கொத்தில் வேர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கிழங்கு. கறுப்பாக, காக்கைத் தலை மாதிரி. வசநாபி, அம்மா! என் கூடையில். நாற்பது வருஷக் கை பறித்தது. அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். கூட்டாளி, “என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?” என்றான். கால் பிசகிவிட்டது என்று சொன்னேன்.

திரும்பும் வழியில் எங்கள் ஊர் நூலகம். வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. அங்கே இருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். உள்ளே நுழையப் பெயர் கேட்டது. கு என்று அடித்துவிட்டு அழித்தேன். மூன்று முறை உங்களை அழித்தவன், நான்காம் முறை வந்து நீங்கள் சொன்னதையே எழுதினால் முந்நூறு பேர் சிரிப்பார்களே. பெயர் போடாமல் எழுதினேன். எழுதிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்தவனைப் போல வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் நீங்கள் நன்றி எழுதியிருந்தீர்கள். ‘பெயர் தெரியாத பெரியவருக்கு’ என்று ஆரம்பித்திருந்தீர்கள். அதை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்திருக்கிறது. சொன்னால் அந்த நன்றி போய்விடும் என்று பயம்.

ஏப்ரலில் நீங்கள் கேட்டபோது, இருக்கிறது என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதினேன். நான் எழுதியது, ஆகவே என் பெட்டியில் இருக்கும். திறந்து பார்ப்பானேன்? ரியோஜி போனில் கேட்ட கேள்வி இதுதான்: “பெரியப்பா, அது உங்க பேர்லதான எழுதுனீங்க? பேர் இல்லாம எழுதுனத இது எடுக்காதே.”

என் பெயரில் இருந்தவை மட்டும். பெருமை அடித்த நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அது பத்திரமாக வைத்திருந்தது. ஒரு உயிரைக் காக்க வேண்டிய இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டது. உங்கள் டிஸ்க்கை அன்றே பிரித்திருந்தால் தெரிந்திருக்கும். நேற்று நொபுயே அதைக் குளிர்பெட்டி மேலிருந்து எடுத்து, தூசி துடைத்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

இன்று காலை நூலகத்துக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டரில் உட்காருபவர்கள் ஒரு நோட்டில் பெயரும் நேரமும் எழுதித் தங்கள் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். ஐந்து வருஷ நோட்டுகளை வைத்திருக்கிறார்கள். நூலகப் பெண் அரைமணி நேரம் தேடி எடுத்துக் கொடுத்தாள். 2014 மே 11, 2.10 முதல் 2.40 வரை, குசகாபே யசுஜி, சிவப்பு முத்திரை. நகலெடுத்து நூலக முத்திரையும் வாங்கிக்கொண்டேன். தளத்தில் மறைத்த பெயர் அந்த நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

திங்களன்று நீகத்தாவில் ஹொக்கைடோவுக்குக் கப்பல் ஏறுகிறேன். இருபத்து நான்காம் தேதி அந்த அறையில் இருப்பேன். என்னைப் பார்க்க உங்களுக்கு விருப்பம் இராது. பார்க்க வேண்டாம், நான் சொல்லிவிட்டுப் போகிறேன்.

குசகாபே யசுஜி


நயோரோ
2017 ஜூன் 1

குசகாபே ஐயா அவர்களுக்கு,

எங்கள் ஊரிலும் உருளைக்கிழங்கு நட்டு முடித்துவிட்டார்கள். நாளை முதல் நான் மறுபடியும் சமையற்கட்டுக்குப் போகிறேன். அதிகாரி உங்கள் நோட்டு நகலையும் என் டிஸ்க்கையும் அருகருகே வைத்துப் பார்த்து, 2.27 என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டது உங்களுக்கும் கேட்டிருக்கும். தலைமையாசிரியர் நேற்று வீட்டுக்கே வந்து தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

நீங்கள் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே வெளியே போனீர்கள். நானும் கூப்பிடவில்லை. கூப்பிடும் மனசு அன்று எனக்கு இல்லை. மூன்று வருஷமாக நான் கும்பிட்ட மனிதரும், மூன்று வருஷமாக நான் பேசாமலிருந்த மனிதரும் ஒரே ஆள் என்பதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. யாரைப் பார்த்து நன்றி சொல்வது, யாரைப் பார்த்துக் கத்துவது?

விசாரணைக்கு முன்பே ஓதாகி அம்மா கண் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் போனதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். அவருக்கு இன்னும் வலது கையில் உணர்வு இல்லை. கரண்டி பிடிப்பது சந்தேகம்தான். ஆனால் வாய் போகவில்லை. “கட்டில் பக்கத்துல ஒரு பெரியவர் வந்து மடங்கி உக்காந்து நெத்திய தரையில வெச்சிட்டார் டீச்சர். எந்திரிங்க எந்திரிங்கன்னு எத்தன தடவ சொல்றது? நீங்கதான் அந்தக் கீரைக்காரரான்னு கேட்டேன். ஆமான்னார். ருசி என்னமோ நல்லாத்தான்யா இருந்துச்சுன்னேன். அதுக்குப் போய் அந்த மனுஷன் கொழந்த மாதிரி அழுதுட்டார்” என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

ஹதானோ என் நகலிலிருந்து களஞ்சியம் முழுவதையும் ஏற்றிவிட்டார். திருத்தங்கள், சண்டைகள், நீங்கள் என்னை அழித்த மூன்று முறை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. எதையும் எடுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

நிரின்சோப் பக்கத்தில் மட்டும் இரண்டு மாற்றம் செய்தோம். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். எச்சரிக்கையை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், அந்த இடம் காலியாக இருக்கிறது. அதை நீங்கள் எழுத வேண்டும். அதே இரண்டு வரி, ஒரு சொல் மாறக் கூடாது. நூலகத்திலிருந்து அல்ல, உங்கள் வீட்டிலிருந்து, உங்கள் பெயரைப் போட்டு உள்ளே நுழைந்து எழுதுங்கள். நீங்கள் எழுதும்வரை அந்தப் பக்கம் பூட்டியே இருக்கும்.

சனிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டி அதை எடுத்துக்கொள்ளும்.

நிஷினா சவாகோ